கதிரை ஏன் பெண்பால்?

"கதிரை பெண் எண்டா, அதில இரிக்கிற நாமெல்லாம் ஆர் சேர்?"

மாரிகால மாலையொன்றில், கல்முனையிலுள்ள எனது வீட்டு விறாந்தையில் எழுந்த வினா இது. வினவியவன் மருதமுனை நெசவாளர் ஒருவரின் மகன். உயர்தர வகுப்பிற் பயில்பவன். 'ஷேஸ்' என்னும் பிரெஞ்சுச் சொல் கதிரையைக் குறிக்கும் என்றும், அது பெண்பாற் சொல் என்றும், ஆதலால் அதன்முன் 'லா' என்னும் சுட்டு வரவேண்டும் என்றும் நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் இவ்வாறு கேட்டான். இருந்தவர் அனைவரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆயினும், அவர்கள் விடைபெற்றுச் சென்ற பின்னரும் அவ்வினா மட்டும் விறாந்தையை விட்டுப் போகவில்லை.

பிறமொழி இலக்கணம் கற்போர் கேட்கும் கேள்விகளை ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் அறியாமையின் அடையாளமாகவே கொள்கிறோம். "அஃது அப்படித்தான், மனனம் செய்" என்று கூறி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால், அம்மாணவன் கதிரையின் பாலைப் பற்றி ஏன் கேட்டான்? தமிழில் பால் என்பது பொருளை நோக்கி வகுக்கப்படுவது என்பதை, ஒருவரும் சொல்லிக் கொடாமலே அவன் உள்ளூர உணர்ந்திருந்தான், அதனாலேயே கேட்டான். பிறமொழியைப் பற்றிய ஒவ்வொரு வினாவுக்குள்ளும் தாய்மொழியைப் பற்றிய ஓர் அறிவு ஒளிந்திருக்கிறது. அவ்வறிவைக் கைவிளக்காகக் கொண்டால் பிறமொழிக்குள் எளிதாக நடக்கலாம். அதனை அணைத்துவிட்டு நடக்கச் சொல்வதே நமது வழக்கமாயிருக்கிறது. இஃது எனது சொந்த அனுபவத்திலிருந்து நான் கண்டது; காலந்தாழ்த்திக் கண்டது.

விறாந்தை வகுப்பு

இளமையில் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த நாட்களில், மாலை வகுப்புகளிற் பிரெஞ்சு பயின்றேன். ஆங்கில நூல் வழியாகவே பயின்றேன். பின்னர் ஊர் திரும்பிப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்து இளைப்பாறினேன். பிரெஞ்சு கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. கல்முனையில் அதற்கு யார் வரப்போகிறார்கள்? ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் அறபுக்கும் இங்கே வகுப்புகள் உண்டு. பிரெஞ்சுக்காகக் கொழும்புக்கோ கண்டிக்கோதான் போகவேண்டும் என்றிருந்தது.

ஆனால் வந்தார்கள். நெசவாளர் மகன் முதலில் வந்தான். அடுத்து ஒரு மௌலவி வந்தார். ஹைதராபாத்திற் பிறந்து, பாரிஸ் நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ், 1959ஆம் ஆண்டில் திருக்குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும், நபிகளாரின் வரலாற்றைப் பிரெஞ்சிலேயே எழுதிய பெருநூலையும் வெளியிட்டார். அந்நூல்களை மூலத்திலேயே வாசிக்க வேண்டும் என்பது மௌலவியின் ஆவல். மூன்றாவதாக வந்தவர், சாய்ந்தமருதைச் சேர்ந்த ஓர் இளந்தாய். கணவர் பாரிஸ் நகருக்கு அருகே ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார். நான்கு வயது மகளோடு அவரிடம் போய்ச் சேரவேண்டும்.

மற்றை இருவருக்கும் பிரெஞ்சு ஓர் ஆசை, இவருக்கோ வாழ்க்கை. பிரான்ஸ் 2024 ஜனவரியில் இயற்றிய குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதல், பல்லாண்டு வதிவிட அட்டைக்கு 'ஏ2' என்னும் தேர்ச்சியும், பத்தாண்டு அட்டைக்கு 'பி1' என்பதும், குடியுரிமைக்கு 'பி2' என்பதும் வேண்டப்படுகின்றன. ஐரோப்பிய அளவுகோலில் உள்ள ஆறு படிகளுள் இவை இரண்டாம், மூன்றாம், நான்காம் படிகள். ஒரு குடும்பம் ஒரே கூரையின்கீழ் நிலைத்து வாழ்வது, வினைத்திரிபுகளையும் பால் வேறுபாட்டையும் ஒரு பெண் எவ்வளவு அறிவாள் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

அவர் வந்த முதல் நாளிலேயே சொன்னார்: "சேர், எனக்கு இங்கிலீசே சரியா வராது. அது தெரியாட்டிப் பிரெஞ்சு படிக்கேலாது எண்டு ஒரு இடத்தில சொல்லிப் போட்டாங்க."

அவர் எந்த இடத்தைச் சொன்னாரோ நான் அறியேன், அறியவும் விரும்பவில்லை. ஏனெனில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இளைஞரிடம் அதே வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சு கற்க வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்த அவரிடம், "தம்பி, முதலில் ஆங்கிலத்தைச் செம்மையாகப் படித்துக்கொண்டு வாரும்" என்றேன். அவர் தலையசைத்துப் போனார், திரும்பி வரவில்லை. என்னிடம் இருந்த நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அவரிடம் இருந்த மொழி தமிழாக இருந்தது. நூலை மாற்ற எண்ணாத நான், மனிதரைத் திருப்பி அனுப்பினேன். அந்த நினைவின் உறுத்தலாலேயே, "மகள், இருங்க. நாம தமிழிலேயே தொடங்குவோம்" என்றேன்.

கதிரையின் கதை

தமிழில் உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்பு முதலில் நிற்கிறது. ஆண், பெண் என்னும் வேறுபாட்டை உயர்திணைக்கே வகுத்தோம். கதிரையும் மேசையும் கடலும் அஃறிணை. அவற்றின் வினைமுற்றில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இப்பகுப்பில் ஊறிய மனத்துக்கு, மேசையைப் பெண் என்றும் கட்டிலை ஆண் என்றும் பிரெஞ்சுக்காரர் வழங்குவது நகைப்பாகவே தோன்றும்.

இவ்விடத்தில் எனக்குக் கைகொடுத்தவர் மௌலவி. "அறபிலயும் அப்படித்தானே, சேர்" என்றார். உண்மையே. அறபிலும் அஃறிணைக்குத் தனிப் பால் இல்லை. ஒவ்வொரு பெயரும் ஆணாகவோ பெண்ணாகவோ இருத்தல் வேண்டும். ஆனால் அவ்விரு மொழிகளும் தம்முள் ஒத்துப் போவதுமில்லை. அறபில் சூரியனாகிய 'ஷம்ஸ்' பெண்பால், சந்திரனாகிய 'கமர்' ஆண்பால். பிரெஞ்சில் சூரியனாகிய 'ஸொலேய்' ஆண்பால், சந்திரனாகிய 'லூன்' பெண்பால். அறபில் 'குர்ஸீ' என்னும் கதிரை ஆண். பிரெஞ்சில் 'ஷேஸ்' பெண். ஒரே சூரியன், ஒரே கதிரை. மொழி மாறப் பாலும் மாறுகின்றது. அப்படியாயின் பால் என்பது பொருளில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்பது வெளிப்படை. இதனை உணர்ந்த மாத்திரத்தே நெசவாளர் மகனின் முகம் தெளிந்தது. 'கதிரை பெண்ணன்று, ஷேஸ் என்ற சொல்லே பெண்' என்று தன் கொப்பியில் எழுதிக்கொண்டான். அவனுடைய வினாவுக்கு அவனே எழுதிய விடை அது.

அறபு இலக்கணிகள் இன்னொன்றும் சொல்வர். ஈற்றெழுத்தைக் கொண்டே பெண்பால் என அறியத்தக்க சொற்கள் உண்டு. அடையாளம் ஏதுமின்றிக் கேள்வி வழியாக மட்டுமே அறியத்தக்கவையும் உண்டு. கையைக் குறிக்கும் 'யத்' இரண்டாம் வகை. பிரெஞ்சிலும் கையைக் குறிக்கும் 'மேங்' ஈற்றடையாளம் இல்லாப் பெண்பாற் சொல்லே. '-ஸியோங்' என முடிவன பெண்பால் என்றும், '-மாங்' என முடிவனவற்றுட் பெரும்பாலன ஆண்பால் என்றும் சில விதிகள் உதவும். '-ஆஜ்' என முடிவனவும் பெரும்பாலும் ஆண்பாலே; எனினும் கடற்கரையைக் குறிக்கும் 'ப்ளாஜ்' விதிக்கு அடங்காமற் பெண்பாலாக நிற்கும். எனவே மாணவர்க்கு நான் கூறுவது ஒன்றே: பெயரைத் தனியே பாடஞ் செய்யாதீர், சுட்டோடு சேர்த்து, 'லா ஷேஸ்', 'லெ ஸொலேய்' என்று ஒரே சொல்லைப் போலப் பாடஞ் செய்வீர்.

கதிரையின் கதை இத்துடன் முடியவில்லை. 'கதிரை' என்பது போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்த சொல்; அவர்கள் மொழியில் 'கதெய்ரா'. அதற்குத் தாய் இலத்தீனத்துக் 'கதெத்ரா'. அதே இலத்தீனச் சொல்லே பிரெஞ்சில் தேய்ந்தும் திரிந்தும் 'ஷேஸ்' ஆயிற்று. நமது கதிரையும் அவர்களது ஷேஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! அந்த இலத்தீனச் சொல் பெண்பால். அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல்லும் பெண்பாலாகவே நிலைத்தது. தமிழுக்கு வந்த பிள்ளை மட்டும் நமது முறைப்படி அஃறிணையில் அமர்ந்துகொண்டது. நம் வீட்டு அலுமாரியும் அவர்களது 'ஆர்முவா'ரும் இவ்வாறே உறவினர். மாணவர்க்கு இதைச் சொன்னபோது, அந்நிய மொழி என்ற அச்சம் பாதி நீங்கிற்று.

தண்ணீரும் தண்ணீரையும்

அடுத்து வந்த வினா இளந்தாயினுடையது. தண்ணீர் என்பதற்கு 'ஓ' என்றும், சுட்டுடன் 'லோ' என்றும் கற்றோம். தண்ணீர் குடித்தேன் என்னும்போது மட்டும் 'தெ லோ' என்று இன்னொன்று ஏன் முன்னே வருகிறது?

ஆங்கில வழிப் பாடநூல் இதற்கு நீண்ட விளக்கம் தரும். நானோ அவரிடம் இரண்டு தமிழ் வாக்கியங்களைச் சொன்னேன். "தண்ணீர் குடித்தேன்." "தண்ணீரைக் குடித்தேன்." இவ்விரண்டுக்கும் வேற்றுமை உண்டா என்று கேட்டேன். சற்று நேரம் சிந்தித்து, "தண்ணீரைக் குடித்தேன் எண்டா, அங்க வெச்சிருந்த அந்தத் தண்ணிய" என்றார். வேறு விளக்கம் வேண்டுமா? இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்து நின்றால் குறிப்பிட்ட பொருள். தொக்கு நின்றால் பொதுப்பொருள். 'தண்ணீரை' என்னுமிடத்துப் பிரெஞ்சு 'லோ' என்னும். வெறுமனே 'தண்ணீர்' என்னுமிடத்துத் 'தெ லோ' என்னும். சோறு தின்றேன் என்பதற்குத் 'த்யூ ரீ', சோற்றைத் தின்றேன் என்பதற்கு 'லெ ரீ'. எல்லா இடத்தும் இவ்வொப்புமை செல்லாது. எனினும் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல ஊன்றுகோல் இல்லை. நாள்தோறும் நாம் பேசும் பேச்சில் இத்துணை நுட்பமான வேறுபாடு இருப்பதை, தமிழாசிரியனாகிய நானே அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

எழுதியதை ஏன் விழுங்குகிறார்கள்?

பிரெஞ்சு கற்போர் அனைவரும் முறையிடுவது ஒன்று உண்டு. எழுத்துகளை எழுதுகிறார்கள், வாசிக்கும்போது ஈற்றெழுத்துகளை விழுங்கிவிடுகிறார்கள். பன்மைச் சுட்டாகிய 'லே' என்பதன் ஈற்றில் ஸகரம் எழுதப்படும், ஒலிக்கப்படாது. ஆனால் 'ஆமி' (நண்பர்) என்னும் உயிர்முதற் சொல் வருமாயின், மறைந்திருந்த ஸகரம் மென்மையாகி உயிர்பெற்று 'லேஸாமி' என்று இணைந்தொலிக்கும். ஒருகாலத்தில் ஒலித்து, பின்னர் பேச்சில் மறைந்த மெய், உயிரைக் கண்டதும் மீள்கிறது.

இதில் நமக்கு அதிசயம் என்ன? எழுத்தில் 'வருகிறார்' என்று வைத்துக்கொண்டு பேச்சில் 'வாறார்' என்பவர் நாம் அல்லரோ? புணர்ச்சியோ நம் இலக்கணத்தின் உயிர்நாடி. காற்று என்பதும் அடித்தது என்பதும் சேரக் குற்றியலுகரம் கெட்டுக் 'காற்றடித்தது' ஆகிறது. பிரெஞ்சில் 'லா' என்னும் சுட்டின் உயிர் கெட்டு, 'ஓ' என்பதோடு சேர்ந்து 'லோ' ஆகிறது. மா, இலை என்பன சேர 'மாவிலை' என உடம்படுமெய் தோன்றுகிறது. பிரெஞ்சில் 'ஆ', 'ஈல்' என்னும் இரண்டு உயிர்களுக்கிடையே எவருக்கும் சொந்தமில்லாத ஒரு தகரம் வந்து 'ஆதீல்' ஆகிறது. 'என்' என்னும் பொருள்தரும் பெண்பால் 'மா', உயிர்முதற் சொல்லின் முன் ஆண்பால் வடிவமாகிய 'மோங்' என்பதைக் கடன் வாங்கி, என் தோழி என்பதற்கு 'மோனாமி' என நிற்கும். இரண்டு உயிர்கள் விட்டிசைப்பதை இரு மொழிச் செவிகளும் விரும்புவதில்லை. இரண்டும் தத்தம் வழியில் தடுக்கின்றன.

ஒரு விலக்கையும் சொல்லி வைத்தேன். வீரரைக் குறிக்கும் 'ஏரோ' என்னும் சொல் உயிரொலியில் தொடங்கினும், முன்னுள்ள சுட்டோடு இணைவதில்லை. இணையுமாயின், 'வீரர்கள்' என்பது 'பூச்சியங்கள்' என்று கேட்கும்! பூச்சியத்துக்குப் பிரெஞ்சில் 'ஸேரோ' என்று பெயர். அச்சொல்லும் 'ஸிஃப்ர்' என்னும் அறபுச் சொல்லின் வழியே இத்தாலியம் ஊடாக அங்கே சென்றதுதான் என்று கூறியபோது மௌலவி புன்னகைத்தார். சர்க்கரையைக் குறிக்கும் 'ஸ்யூக்ர்', பருத்தியைக் குறிக்கும் 'கொத்தோங்', கடையைக் குறிக்கும் 'மகஸேங்' எல்லாம் அறபு நாட்டவரிடமிருந்து பெற்றவையே. கறியும் கட்டுமரமும் வெட்டிவேரும் தமிழிலிருந்து புறப்பட்டுப் பிரெஞ்சு அகராதிக்குள் புகுந்தவை.

ஆங்கிலப் பாலம்

பிரெஞ்சு கற்போர் பலர் எழுதும் பிழையொன்று எல்லா ஆசிரியருக்கும் தெரிந்ததே. பசியாயிருக்கிறேன் என்பதற்கு 'ஜெ ஸ்வி ஃபேங்' என்று எழுதுவர். 'நான் பசி' என்பது அதன் பொருள். சரியான வழக்கோ 'ஜே ஃபேங்'. 'நான் பசியை உடையேன்' என்பது சொல்லுக்குச் சொல் பொருள். வயதைச் சொல்லும்போதும் அவ்வாறே: 'இருபது ஆண்டுகளை உடையேன்' என்பர். இப்பிழை எங்கிருந்து வருகிறது? ஆங்கிலத்திலிருந்து. ஆங்கிலேயனே 'நான் பசித்தவனாயிருக்கிறேன்', 'நான் இருபதாயிருக்கிறேன்' என்று சொல்பவன். தமிழன் அப்படிச் சொல்வானா? "எனக்குப் பசிக்கிறது" என்பான். "எனக்கு இருபது வயது" என்பான். நமது நான்காம் வேற்றுமையும் பிரெஞ்சின் உடைமை வினையும் ஒன்றல்ல. ஆயினும், மனிதனும் அவன் பசியும் வெவ்வேறு என்பதில் இரு மொழிகளும் உடன்படுகின்றன.

நான் ஆங்கில வழியே கற்பித்த நாட்களில் இப்பிழையைச் சிவப்பு மையாற் கீறிக் கீறிச் சலித்தேன். இளந்தாய் அப்பிழையை ஒருமுறையேனும் செய்யவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே குறையாக இல்லை, காவலாக இருந்தது.

விளிக்கும் முறையிலும் இவ்வாறே. ஆங்கிலத்தின் ஒரே சொல்லிலிருந்து போகிறவன், 'த்யூ', 'வூ' என்னும் இரண்டுக்கும் இடையே தடுமாறுவான். நீ, நீங்கள் என்று பிறந்தது முதல் பழகிய நமக்கு அதில் என்ன தடை? பன்மையாயிருந்த 'நீங்கள்' மரியாதைக்காக ஒருவருக்கும் வழங்கியது போலவே, பன்மையாகிய 'வூ'வும் ஒருவருக்கு வழங்கலாயிற்று. பள்ளித் தோழனுக்குத் 'த்யூ', அலுவலருக்கு 'வூ'. "அல்லாஹ்வை நாம துஆவில நீ எண்டுதானே கூப்பிடுறம், அவங்க?" என்று மௌலவி வினவினார். அவர்களும் இறைவனைத் 'த்யூ' என்றே அழைக்கின்றனர். அறபும் ஒருமையிலேயே அழைக்கிறது. மிக உயர்ந்தவனையும் மிக நெருங்கியவனையும் ஒரே சொல்லால் அழைக்கும் வழக்கு மூன்று மொழிகளுக்கும் பொது.

எண்களில் மட்டும் அனைவரும் களைத்தனர். எண்பதை 'நான்கு இருபது' என்றும், தொண்ணூற்றொன்பதை 'நான்கு இருபது பத்தொன்பது' என்றும் எண்ணுவது என்ன முறை என்று நெசவாளர் மகன் சினந்தான். இருபது இருபதாக எண்ணிய பழைய வழக்கின் எச்சம் அது. 13ஆம் நூற்றாண்டில் முந்நூறு பார்வையற்றோருக்காகப் பாரிஸில் நிறுவப்பட்ட மருத்துவ நிலையத்துக்கு இன்றும் 'பதினைந்து இருபது' என்றே பெயர். பெல்ஜியத்திலும் சுவிற்சர்லாந்திலும் தொண்ணூற்றுக்கு நேரான தனிச்சொல் உண்டு. "நம்முடைய தொண்ணூறு மட்டும் நேரானதா, மகன்?" என்று கேட்டேன். எட்டுக்குப் பின் எண்பது வந்தது. ஒன்பதுக்குப் பின் ஏன் நூறு என்ற ஒலியோடு தொண்ணூறு வந்தது? தொண்ணூறுக்குப் பின் ஏன் ஆயிரம் என்ற ஒலியோடு தொள்ளாயிரம் வந்தது? அவன் இன்னும் அதைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருக்கிறான்.

ஓம், நஅம், பலா

இவை யாவற்றினும் என் மனத்தில் ஆழப் பதிந்தது மற்றொரு மாலை. இளந்தாயின் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் நிகழும் நேர்காணல் போல ஒன்றை நடத்திப் பார்ப்போம் என்று நான் அலுவலராக இருந்து வினவினேன். பெயர், ஊர், வயது எல்லாவற்றுக்கும் அவர் தடையின்றி விடையிறுத்தார். பின்னர், 'உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?' என்று பிரெஞ்சில் எதிர்மறையாக வினவினேன்.

"வீ" என்றார். 'ஆம்' என்பது பொருள்.

அவருடைய மகள் அப்போது தரையில் அமர்ந்து, சுண்ணக்கட்டியால் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். "ஆம் என்றால் என்ன, மகள்? பிள்ளை இருக்கிறாள் என்றா, இல்லை என்றா?" என்று கேட்டேன். அவர் திகைத்தார். "இரிக்கிறா எண்டுதான் சேர் சொன்னன்… ஆனா தமிழில ஓம் எண்டா, இல்லை எண்டு ஆகிருமே!" என்றார். அவர் கண்கள் கலங்கிவிட்டன. மெய்யான நேர்காணலில் இவ்வாறு நேர்ந்தால் என்னாகும் என்னும் அச்சம்.

அவர் சொன்னது முற்றும் சரி. 'நீ சாப்பிடவில்லையா?' என்பதற்கு நாம் 'ஓம்' என்றால், கேட்டவர் கூற்றுக்கு உடன்படுகிறோம். சாப்பிடவில்லை என்பதே பொருளாகும். மறுக்க வேண்டுமாயின், 'சாப்பிட்டேன்' என்று வினையையே திருப்பிச் சொல்கிறோம். பிரெஞ்சிலோ, எதிர்மறை வினாவை மறுத்து உடன்பாடு கூறுவதற்கென்றே தனிச்சொல் ஒன்று உண்டு, அது 'ஸி'. பிள்ளைகள் இல்லையா என்றால், 'ஸி', அதாவது 'ஏன் இல்லை, இருக்கிறார்களே' என்பது விடை. இல்லையென்றால் 'நோங்'. 'வீ' என்பதற்கு அங்கே இடமே இல்லை.

இதை விளக்கத் தமிழில் ஒரு சொல்லைத் தேடி நான் தடுமாறியபோது, மௌலவி மெல்லச் சொன்னார்: "இது பலா அல்லவா, சேர்!"

விறாந்தை ஒரு கணம் அமைதியாயிற்று. அறபில் 'நஅம்' என்பது ஓம். 'பலா' என்பது எதிர்மறை வினாவை மறுத்துரைக்கும் விடை. ஆதமுடைய மக்களின் ஆன்மாக்களை நோக்கி, தானே அவர்களுடைய இரட்சகன் அல்லவா என்னும் கருத்தில் இறைவன் வினவியதையும், அவர்கள் 'பலா' என்று விடை கூறியதையும் குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் சொல்கிறது. 'நஅம்' என்றிருந்தால் அது மறுப்பாகியிருக்கும் என்பது விரிவுரைகளில் வழங்கும் விளக்கம். ஓதப்பள்ளியிற் சிறு வயதில் நாங்கள் எல்லோரும் கேட்ட செய்தி அது. இளந்தாய் தலை நிமிர்ந்தார். "அப்ப ஸி எண்டா பலா! இது எனக்குச் சின்னதிலேயே தெரியுமே, சேர்!" என்றார்.

ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஒரு தனிச்சொல் இன்று வழக்கில் இல்லை. ஆங்கிலப் பாலத்தின் வழியே போயிருந்தால், அவர் இந்த இடத்தில் ஒரு விதியையும் அதற்குரிய விலக்கையும் மனனம் செய்திருப்பார். தம்மிடம் ஏற்கெனவே இருந்ததைக் கொண்டு போனதால், ஒரே நொடியில் அடைந்தார். ஆங்கிலம் வராது என்று திருப்பி அனுப்பப்பட்ட அவரிடம், ஆங்கிலத்தில் இல்லாத திறவுகோல் இருந்தது.

யார் எழுதுவார்?

நம் மொழியைக் கற்க வந்த பிரெஞ்சுக்காரர் என்ன செய்தனர் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். புதுச்சேரியில் முசே, துப்பியி என்னும் பாதிரிமார் இருவர் தமிழ்–பிரெஞ்சு அகராதியை 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டனர். இளமையைக் காரைக்காலிற் கழித்த ஜூலியன் வேன்சோன், பாரிஸில் கீழைமொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்து, 1903இல் தமிழ்மொழிக் கைந்நூலைத் தம் மக்களுக்காகத் தம் மொழியிலேயே எழுதினார். தமிழைக் கற்பதற்கு இன்னொரு மொழியைக் கற்றுவா என்று அவர்கள் தம்மவரைத் திருப்பி அனுப்பவில்லை.

நம்மவரிடத்தும் முன்மாதிரி உண்டு. தொலைவில் தேட வேண்டியதில்லை. கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1926இல் வெளிவந்த 'மதங்கசூளாமணி' என்னும் நூலிலே சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபின் கண்கொண்டு ஆராய்ந்தார். அந்நியக் கலையை நம் இலக்கணத்தால் அளந்து பார்க்கலாம் என்று அவர் காட்டி நூறாண்டு ஆகிறது. அந்நிய மொழியையும் அவ்வாறே அளந்து கற்பிக்கத் தடை என்ன? இன்று பிரான்ஸில் தமிழர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தமிழையும் அறபையும் ஒருங்கே கற்பிக்கிறது. வேற்றுமை, திணை, புணர்ச்சி என்னும் நம் சொற்களாலேயே அமைந்த பிரெஞ்சு இலக்கணம் ஒன்றினை, அறபு அறிந்தோரின் துணையோடு எழுதுவதற்கு இந்தக் கரையை விடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் எண்ணம். ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பார்களாக.

இளந்தாய் முதற்படித் தேர்விற் சித்தியெய்திவிட்டார். அதற்கு அடுத்த படிக்கு இப்போது பயில்கிறார். மகளும் உடன் வந்து, தரையில் 'ஷேஸ்' என்று எழுதப் பழகுகிறாள். தாய் பிழைவிட்டால் மகள் திருத்துகிறாள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நான் திருப்பி அனுப்பிய இளைஞர் இப்போது எங்கே இருக்கிறாரோ அறியேன். அவர் இதனை வாசிக்க நேருமாயின் அவருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: தம்பி, அன்று பிழை உம்மிடம் இருக்கவில்லை. ஞாயிறும் புதனும் அஸர் தொழுகைக்குப் பின் வகுப்பு நடக்கிறது. விறாந்தையில் இன்னும் ஒரு கதிரை இருக்கிறது.